எரிமலைச் சரிவில் சைக்கிள்: பாளையங்கோட்டையில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அவன் குடும்பத்தோடு ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவிக்குப் போயிருந்தபோது, ஹலேயாகலா என்ற எரிமலையின் சரிவில் சைக்கிளில் இறங்கினேன். எனக்கு வயது 58. தலைக்கவசமும் மழைச்சட்டையுமாக நான் நிற்கும் படத்தை மருமகள் குடும்பத்தாருக்கெல்லாம் அனுப்பிவைத்தாள். அன்றிலிருந்து காலை நடைக்குப் போனாலும் சரி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, யாராவது ஒருவர் கேள்வியோடு வந்து நிற்கிறார். வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைத்துவிட்டேன்.

அந்த மலை நம் பொதிகையைவிடப் பெரிதா?

மிகப் பெரிது. அகத்தியர் மலையின் உச்சி 1,868 மீட்டர், ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஹலேயாகலா 3,055 மீட்டர், அதாவது 10,023 அடி. உயரத்தைவிட என்னை அசத்தியது தூரம். கடற்கரையில் இருந்து உச்சிக்குச் சாலை சுமார் 60 கிலோமீட்டர்தான். திருநெல்வேலியில் ஏறிக் குற்றாலத்தில் இறங்குகிற தூரத்துக்குள் கடல்மட்டத்தில் இருந்து பத்தாயிரம் அடி ஏறிவிடுகிறார்கள். காது அடைக்கும். சிலருக்குத் தலை கனக்கும்.

ஹலேயாகலா என்றால் அவர்கள் மொழியில் சூரியனின் வீடு. தாய் ஹினா விரித்த மரப்பட்டைத் துணி காய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது என்று, மாவி என்ற வீரன் இந்த உச்சியில் காத்திருந்து சூரியனைக் கயிறு போட்டுப் பிடித்து, மெதுவாகப் போகும்படி சொன்னானாம். வடகம் காயப்போடும் என் மனைவிக்கு இந்தக் கதை உடனே பிடித்துவிட்டது. நம் ஊரில் கயிறு போட்டால் சூரியனைச் சீக்கிரம் போகச் சொல்லித்தான் போட வேண்டியிருக்கும்.

உச்சியில் இருந்தே சைக்கிளில் இறங்கலாமா?

சுற்றுலா நிறுவனத்தோடு போனால் முடியாது. உச்சி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. முன்பு உச்சியில் இருந்தே கூட்டிவந்தார்கள். விபத்துகளும் உயிரிழப்புகளும் நேர்ந்தபின், 2007 அக்டோபரில் பூங்கா நிர்வாகம் அதை நிறுத்தியது. இப்போது நிறுவனங்கள் எல்லாம் பூங்கா எல்லைக்கு வெளியே, சுமார் 6,500 அடியில் சைக்கிளைக் கொடுக்கின்றன. அங்கிருந்து பாயியா என்ற கடற்கரை ஊர்வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

சொந்தமாகவோ வாடகைக்கோ சைக்கிள் எடுத்து, கூட ஒருவர் காரில் வந்து இறக்கிவிட்டால், தனியாள் உச்சியில் இருந்து இறங்கத் தடையில்லை. அங்கே போய்த்தான் முதல்முறையாக மலைச்சாலையில் சைக்கிள் ஓட்டப்போகிறவர் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. 6,500 அடி என்றால் குறைச்சல் என்று நினைக்கவும் வேண்டாம். அது சுமார் 1,980 மீட்டர், அகத்தியர் மலையின் உச்சியைவிட உயரம். கோடைக்கானலில் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, நேரே கடல் அலையில் போய் நிற்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, இறக்கம்தானே? மிதிக்கவே வேண்டாமே, இதில் என்ன சிரமம்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். நானும் இதே நினைப்பில்தான் பணம் கட்டினேன்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நீங்களும் சைக்கிளும் சேர்த்து 90 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1,980 மீட்டர் கீழே வரும்போது வெளிப்படும் ஆற்றலை அப்படியே வெப்பமாக்கினால் ஐந்தரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். அதில் ஒரு பங்கை எதிர்க்காற்று வாங்கிக்கொள்ளும். மீதியை வாங்க வேண்டியது பிரேக். அந்தப் பிரேக்கை இரண்டு மணி நேரம் பிடித்தபடி இருக்க வேண்டியது உங்கள் விரல்கள். ஏற்றத்தில் களைத்தால் இறங்கி உருட்டலாம். இறக்கத்தில் களைத்தால் வண்டி உங்களைக் கேட்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் பயந்தவர்கள் செய்வது. நானும் முதல் நான்கைந்து கிலோமீட்டர் அப்படித்தான் வந்தேன். கை மரத்துப்போனது, பிரேக்கில் இருந்து கருகல் வாடை வந்தது. வழிகாட்டி நிறுத்திச் சொல்லிக்கொடுத்தான். நேர்ச்சாலையில் பிரேக்கை விட்டுவிட வேண்டும், காற்றில் ஆறட்டும். வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்து இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் கொன்றுவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கைத் தொடாமல் உருண்டு வர வேண்டும். வளைவில் சாய்ந்தபடி திடீரென்று பிடித்தால்தான் சக்கரம் வழுக்குகிறது. உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்து மிதிகட்டை கீழே இருக்க வேண்டும், உள்பக்கத்தது மேலே. பள்ளத்தைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய வழியைப் பாருங்கள். கண் போன பக்கம் வண்டி போகும். சின்ன வயதில் வாடகை சைக்கிளில் பழகியபோது, மோதிவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டே இருந்த மின்கம்பத்தில் போய் மோதியது நினைவிருக்கும்.

கொண்டை ஊசி வளைவுகள் மேல்பகுதியில்தான் நெருக்கம். அங்கே காலை வெளிச்சத்தில் கீழே மேகமும் கடலும் தெரியும். அழகு ஆளைக் கொல்லும் என்பது அங்கே வெறும் பேச்சு இல்லை. பார்க்க வேண்டுமென்றால் ஒதுங்கி நின்று பாருங்கள்.

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டுமே, குழப்பம் வராதா?

ஓடிக்கொண்டிருக்கும்போது வராது, முன்னால் போகிறவனைப் பார்த்து ஓட்டிவிடுவோம். நின்று கிளம்பும்போதுதான் வரும். மகாவாவோ என்ற ஊரில் காபி குடித்துவிட்டு ஏறிய நான், நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் சாலையின் இடப்பக்கம் போய்விட்டேன். எதிரே வந்த சரக்கு ஜீப்காரர் வண்டியை நிறுத்தி, கோபப்படாமல், கையால் அந்தப் பக்கம் போகச் சொன்னார். நம் வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவாக இருந்திருந்தால் என் பரம்பரையே விசாரிக்கப்பட்டிருக்கும்.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. நம் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிடிதான் முன்சக்கரத்துப் பிரேக். அமெரிக்காவில் இடக்கைப் பிடி முன்சக்கரம், வலக்கை பின்சக்கரம். அவசரத்தில் நம் கை பழைய கணக்கிலேயே இயங்கும். பின்சக்கரம் என்று நினைத்து முன்சக்கரத்தை இறுக்கினால் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவோம். வண்டியைக் கையில் வாங்கியதும், கிளம்புவதற்கு முன், சமதளத்தில் உருட்டிப் பார்த்து எந்தக் கைக்கு எந்தச் சக்கரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். குறித்துவைக்க வெட்கப்படாதீர்கள். நான் இடக்கையில் ரப்பர் வளையம் போட்டிருந்தேன்.

வலப்பக்கம் ஓட்டுவதை ஊரிலேயே பழகலாமா என்று தம்பி ஒருவன் கேட்டான். பழகலாம், மாவிக்குப் போக ஆள் இருக்க மாட்டான். மகன் வீட்டுத் தெருவில் இரண்டு மாலை நேரம் ஓட்டிப் பார்த்தேன், அது போதுமானதாக இருந்தது.

சூரிய உதயம் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்களாமே?

அப்படி ஒரு தொகுப்பு உண்டு, விளம்பரம் எல்லாம் அதற்குத்தான். இரவு இரண்டு மணிவாக்கில் விடுதி வாசலில் வேன் வந்து நிற்கும். உச்சிக்குக் கூட்டிப்போய், குளிரில் நிறுத்தி, உதயம் காட்டி, பிறகு கீழே 6,500 அடி உயரத்துக்குக் கொண்டுவந்து சைக்கிளைக் கொடுப்பார்கள்.

என் கருத்து ஊராரின் கருத்துக்கு மாறானது. உதயத்தையும் சைக்கிளையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு, விறைத்த விரல்களோடு, வாழ்க்கையிலேயே நீளமான இறக்கத்தில் இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை. காலை எட்டு மணிக்கு மேல் தொடங்கும் சவாரிகள் இருக்கின்றன, விலையும் குறைவு. அதற்குள் சாலை உலர்ந்திருக்கும், உடம்பும் விழித்திருக்கும்.

உதயத்தைத் தனியாகக் காரில் போய்ப் பார்க்கலாம். 2017 பிப்ரவரியில் இருந்து, அதிகாலை மூன்று மணி முதல் ஏழு மணிக்குள் பூங்காவில் நுழையும் சொந்தக் கார்களுக்கு முன்பதிவு கட்டாயம். காருக்கு ஒரு டாலர்தான், ஆனால் இடம் நொடியில் தீர்ந்துவிடும். 60 நாளுக்கு முன்பு, ஹவாய் நேரம் காலை ஏழு மணிக்குத் திறக்கிறார்கள். அது நமக்கு அன்றிரவு பத்தரை மணி. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். தவறவிட்டவர்களுக்கு இரண்டு நாளுக்கு முன்பு இன்னொரு பங்கு திறக்கும். பூங்கா நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், மூன்று நாள் செல்லும். போகும்போது விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

முன்பதிவு கிடைக்காவிட்டால் அழ வேண்டாம். அஸ்தமனத்துக்கு முன்பதிவு கிடையாது. நாங்கள் அதைத்தான் பார்த்தோம். மேகங்கள் நமக்குக் கீழே கடல்போல் பரந்து கிடந்தன. அதற்குள் சூரியன் இறங்கியது. பிறகு நட்சத்திரங்கள். உலகிலேயே பெரிய சூரியத் தொலைநோக்கி அந்த உச்சியில்தான் இருக்கிறது, கண்ணாடி மட்டும் நான்கு மீட்டர். காற்று அவ்வளவு தெளிவு.

உதயமும் சைக்கிளும் சேர்ந்தேதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒன்று. தீவில் இறங்கிய முதல் இரண்டு நாளில் போய்விடுங்கள். கலிபோர்னியாவைவிட ஹவாய் இரண்டு மூன்று மணி நேரம் பின்தங்கியது. அங்கிருந்து வருகிறவர்களுக்கு அங்கே இரவு இரண்டு என்றால் உடம்புக்கு விடியற்காலை நான்கு, ஐந்து. மார்கழி பஜனைக்கு எழுந்த பழக்கம் இருந்தால் கஷ்டம் தெரியாது. நேராக நம் ஊரில் இருந்து போனால் பதினைந்தரை மணி நேர வித்தியாசம். எப்படியும் தூக்கம் வராது.

எந்த மாதம் நல்லது?

மாவியின் மழைக்கணக்கு நமக்கு உடனே புரியும். அங்கே வடகிழக்கில் இருந்து வரும் நிலையான காற்று மலையில் மோதி அந்தப் பக்கத்தை நனைத்துவிடுகிறது. ஹானா பக்கம் காடும் அருவியுமாக இருக்கும். மலையின் மறைவில் இருக்கும் கிஹேய், வைலேயா கடற்கரைகள் வறண்டு கிடக்கும். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும்போது இந்தப் பக்கம் காற்று மட்டும் வீசுமே, அதே ஏற்பாடு. நவம்பர் முதல் மார்ச் வரை உச்சியில் மழை அதிகம். ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர், அக்டோபர் என்றால் நல்லது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடலில் கூன்முதுகுத் திமிங்கலங்கள் வரும். அவற்றையும் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல் தொடக்கம்.

எந்த மாதமானாலும் மலையின் இடுப்பில் மேகம் கட்டியிருக்கும். அதற்குள் நுழைந்துதான் இறங்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் துடைக்க ஒரு துணியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியோடு போவதா, தனியாக இறங்குவதா?

இரண்டு முறையும் உண்டு. வழிகாட்டி முன்னால் போக, எல்லோரும் வரிசையாக வர, பின்னால் வேன் வருவது ஒன்று. சைக்கிளைக் கொடுத்து, பாதையைச் சொல்லி, உங்கள் வேகத்தில் இறங்கிக் கடையில் வந்து ஒப்படைக்கச் சொல்வது இன்னொன்று. இரண்டாவது மலிவு, இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கலாம். வலப்பக்கப் போக்குவரத்துக்குப் புதியவர்கள் முதல்முறை வழிகாட்டியோடு போவதே சரி. அதில் ஒரு தொல்லை, முன்னால் போகிறவர் பயந்து நின்றால் வரிசை முழுவதும் நிற்கும். அன்று அந்த முன்னால் போகிறவர் நான்தான் என்பதால் மேலே எதுவும் சொல்வதற்கில்லை.

செலவு?

சைக்கிள் சவாரிக்கு மட்டும் ஆளுக்குச் சுமார் 100 டாலரில் தொடங்கி, உதயத்தோடு சேர்ந்தால் 200 டாலருக்கு மேலும் போகும். வழிகாட்டிக்கு 15 முதல் 20 விழுக்காடு இனாம் கொடுப்பது அங்கே வழக்கம். கொடுக்காமல் வந்தால் மருமகள் முகம் மாறும். இந்தியாவில் இருந்து மாவிக்கு நேரடி விமானம் கிடையாது. அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கிருந்து போய்வருவதுதான் கட்டுப்படியாகும். கலிபோர்னியாவில் இருந்து கஹுலுயி விமான நிலையத்துக்கு ஐந்து மணி நேரம் சொச்சம்.

என்ன உடுத்திக்கொள்வது?

உச்சி உறைநிலையைத் தொடும், கடற்கரை நம் தூத்துக்குடி மாதிரி. ஒரே காலையில் இரண்டையும் சந்திக்க வேண்டும். எனவே கழற்றிக் கழற்றிப் பையில் போடும்படி மூன்று நான்கு அடுக்கு. திருநெல்வேலியில் குளிர் உடை தேடி அலைய வேண்டாம், இங்கே கிடைப்பது மங்கி குல்லாவும் மெல்லிய ஸ்வெட்டரும்தான். அந்தக் குல்லாவைக் கட்டாயம் கொண்டுபோங்கள், உச்சியில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் கால் மணி நேரத்தில் பொறாமைப்பட்டார்கள். ஆனால் தலைக்கவசத்துக்குள் அது நுழையாது. விரல் முழுவதும் மூடும் கையுறை மிக முக்கியம். கால்விரல் மூடிய ஷூ இல்லாவிட்டால் வேனிலேயே ஏற்ற மாட்டார்கள். செருப்பு, சேலை, தொளதொளத்த துப்பட்டா எதுவும் கூடாது, சங்கிலியில் சிக்கும். வாய்வரை மூடும் தலைக்கவசத்தையும் மழைச்சட்டையையும் பல நிறுவனங்களே கொடுக்கின்றன.

யாரெல்லாம் போகக் கூடாது? எனக்கு 61 வயது, ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறேன்.

வயதுக்கு மேல்வரம்பு வைக்காத நிறுவனங்களும் இருக்கின்றன. உங்கள் மருத்துவரிடம் ‘பத்தாயிரம் அடி, இரண்டு மணி நேரத்தில் ஏறுகிறேன்’ என்று சொல்லிக் கேளுங்கள். ‘வெளிநாடு போகிறேன்’ என்று பொதுவாகச் சொன்னால் ‘போய்வாருங்கள்’ என்றுதான் சொல்வார். இதயக் கோளாறு, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு உச்சி ஒத்துக்கொள்ளாது. கர்ப்பிணிகளை ஏற்ற மாட்டார்கள். சிறுவர்களுக்குக் குறைந்தபட்ச வயது வைத்திருக்கிறார்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

இளைஞர்கள் மறக்கிற ஒன்று: காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்கிப் பார்த்தவர்கள் 24 மணி நேரத்துக்கு மலை ஏறக் கூடாது. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரி குமிழாகக் கிளம்பும். உயிருக்கே ஆபத்து. மலை முதலில், கடல் பிறகு என்று திட்டம் போட்டுவிட்டால் சிக்கலே இல்லை.

பயணக் காப்பீட்டில் சைக்கிள் சவாரி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அங்கே ஒரு கை முறிவுக்கு ஆகும் செலவில் இங்கே ஒரு மனை வாங்கலாம்.

சைக்கிள் ஓட்டாதவர்களைச் சில நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு வேனிலேயே கூட்டிவருகின்றன. என் மனைவி அப்படித்தான் வந்தாள். எல்லாக் காட்சிமுனையையும் அவள்தான் ஒழுங்காகப் பார்த்தாள்.

எரிமலை என்கிறீர்கள், வெடித்துவிட்டால்?

கடைசியாக 1480க்கும் 1600க்கும் இடையில் வெடித்ததாகக் கணிக்கிறார்கள். இன்னும் உயிருள்ள எரிமலைப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனாலும் தொலைக்காட்சியில் சிவப்பாக ஓடுமே, அது பக்கத்துப் பெரிய தீவில் இருக்கும் கிலவேயா. ஹலேயாகலாவில் அப்படி எதுவும் பார்க்க முடியாது. உச்சியில் எல்லோரும் எரிமலை வாய் என்று படம் எடுக்கும் பெரும்பள்ளமும் உண்மையில் வெடித்து உண்டான வாய் அல்ல. இரண்டு பள்ளத்தாக்குகளைத் தண்ணீர் அரித்து அரித்து ஒன்றாக்கிய பள்ளம், அதற்குள் பின்னால் சிறு வெடிப்புகள் கூம்பு கூம்பாகக் குவிந்திருக்கின்றன. தேரிக்காட்டுச் செம்மணலை மலையளவுக்குக் குவித்த மாதிரி நிறம்.

வழியில் என்ன பார்க்கலாம்?

உச்சிப் பகுதியில் வெள்ளிவாள் என்று ஒரு செடி, இலையெல்லாம் வெள்ளிப் பூச்சு. இந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த வகை முளைப்பதில்லை. தொண்ணூறு ஆண்டுவரைகூட வாழ்ந்து, ஒரே ஒருமுறை பூத்து, செத்துவிடும். நம் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூப்பதையே பெரிதாகப் பேசுகிறோம். வேர் மேலாகவே ஓடுவதால் பக்கத்தில் மிதிக்கக் கூடாது. நேனே என்ற வாத்து சாலையைக் கடக்கும், அதுதான் ஹவாயின் மாநிலப் பறவை. அருகிப்போன இனம், நம் ஊர்க் கோழிபோல் ஓடி ஒதுங்காது, நீங்கள்தான் நிற்க வேண்டும்.

சைக்கிள் தொடங்கும் இடத்துக்குக் கீழே புல்வெளி, பிறகு யூகலிப்டஸ் மரங்கள். அந்த வாடை வந்ததும் ஊட்டி நினைவு வந்துவிட்டது. குலா பகுதியில் வெங்காயம், ஸ்ட்ராபெரி, லாவெண்டர் தோட்டங்கள். மகாவாவோ மாடு மேய்க்கும் குதிரைவீரர்களின் பழைய ஊர். பாயியா கரும்புத் தோட்டத்து ஊர். ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ், போர்ச்சுகலில் இருந்தெல்லாம் ஆள்களைக் கொண்டுவந்து கரும்பு வெட்டவைத்திருக்கிறார்கள். மாவியின் கடைசிக் கரும்பு அறுவடை 2016இல் முடிந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறிய தாத்தாக்களும், மாஞ்சோலையில் தேயிலை பறித்த உறவினர்களும் உள்ளவர்கள் நாம். அந்தத் தகரக்கூரை வீடுகளைப் பார்த்தபோது ஏதோ தெரிந்த ஊர் மாதிரி இருந்தது.

உள்ளூர்க்காரர்கள் இந்தச் சைக்கிள் கூட்டத்தை எப்படிப் பார்க்கிறார்கள்?

சீசனில் குற்றாலத்துச் சாலையை வெளியூர்க் கார்கள் அடைத்து நிற்கும்போது தென்காசிக்காரர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. நாம் வேடிக்கை பார்க்க வந்த சாலை அவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போகும் சாலை. பின்னால் கார் சேர்ந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். ஒருவர் பின் ஒருவராக வாருங்கள், பேசிக்கொண்டு ஜோடியாக வேண்டாம்.

2023 ஆகஸ்டில் லஹைனா நகரம் எரிந்து 102 பேர் இறந்தார்கள். அதே நாள்களில் குலா பக்கமும் வீடுகள் எரிந்தன. எந்த வீடு எரிந்தது என்று கேட்டு நிற்காதீர்கள்.

திருநெல்வேலியில் எங்கே பழகுவது? மாஞ்சோலைச் சாலை சரியாக இருக்குமா?

வளைவுக்கும் உயரத்துக்கும் அதைவிடப் பொருத்தமான சாலை இல்லை. ஆனால் அது புலிகள் காப்பகம். மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. யானை நிற்கும் வளைவில் பிரேக் பழகுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புளியரை மலைப்பாதையும் வேண்டாம், கேரளத்துக்குப் போகும் லாரிகள் ஓயாமல் வரும்.

நான் பழகிய இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலத்தின் இறக்கம். தாமிரபரணிச் சமவெளியில் பிறந்தவனுக்கு அதைவிட்டால் ஏது மலை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு மணி நேரம். வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கும் பழக்கத்தைக் குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையின் சிறு இறக்கங்களில் கற்றேன், சீசன் இல்லாத நாளில். பழகியதில் காலை விட்டுவிட்டுக் கையைக் கவனித்திருக்க வேண்டும். டென்னிஸ் பந்தை நாளொன்றுக்கு நூறு முறை அழுத்துங்கள் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பூங்காவுக்குள் கடையோ பெட்ரோலோ கிடையாது. முந்தின இரவே கட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கொண்டுபோனோம், குளிரில் கல்லாகிவிட்டது. புளியோதரை தாக்குப்பிடித்தது. இங்கிருந்து பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகாதீர்கள், அமெரிக்க விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள்.

அமெரிக்காவில் எனக்கு யாரும் இல்லை, விசாவும் இல்லை. வேறு எரிமலைத் தீவு உண்டா?

பாலிக்குப் போங்கள். உண்மையைச் சொன்னால் நம்மவர்களில் பலருக்கு அதுவே பொருத்தம். இந்தோனேசியாவில் இந்தியர்களுக்கு இறங்கியதும் விசா கிடைக்கிறது. சாலையில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், எனவே பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்தது. 1,717 மீட்டர் உயரமுள்ள பாத்தூர் எரிமலையைப் பார்த்தபடி இருக்கும் கிந்தாமணி மேட்டில் காலை உணவு கொடுத்து, அங்கிருந்து உபுத் பக்கம்வரை கிராமத்துச் சிறு பாதைகளில் இறக்கிக் கூட்டிவருகிறார்கள். கோயில், வயல், வாய்க்கால், அடுக்கு நெல். கோயில்களை மையமாக வைத்துத் தண்ணீரைப் பங்கிடும் அவர்களுடைய சுபக் முறையை 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கன்னடியன் கால்வாயும் கோடகன் கால்வாயும் பார்த்து வளர்ந்தவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு மடை திறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வேகம் வேண்டும் என்பவருக்கு ஹலேயாகலா. ஊர் பார்க்க வேண்டும் என்பவருக்குப் பாலி.

எரிமலைக் கல் ஒன்று எடுத்து வந்தீர்களா?

இல்லை. பூங்காவில் எதையும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் கிடக்கட்டும், எரிமலைத் தெய்வம் பெலே வாழும் மண் அது என்பது அவர்கள் நம்பிக்கை. சுடலைமாடன் பீடத்து மண்ணை யாராவது பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவானா?

முடிந்தபின் கால் வலித்ததா?

கால் வலிக்கவே இல்லை, மொத்தத்தில் அரைமணி நேரம் மிதித்திருந்தால் அதிகம். கைதான். அன்று இரவு மருமகள் இடியாப்பத்துக்கு மாவு பிசைந்துவிட்டு, ‘மாமா, நீங்கள் கொஞ்சம் பிழிந்து தாருங்கள்’ என்று உரலை நீட்டினாள். மூன்று பிழிக்கு மேல் முடியவில்லை. வேனில் உட்கார்ந்து வந்தவள் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், மீதியைப் பிழிந்தாள்.